மாதுளை போடாத தயிர்சாதம்

காப்பெல், டெக்ஸாஸ்
சனிக்கிழமை மத்தியானம்

மதிப்பிற்குரிய ராஜலக்ஷ்மி அவர்களுக்கு,

பிரீத்தி எழுதிக்கொள்வது. வணக்கம். இந்தக் கடிதம் உங்கள் கைக்குக் கிடைக்கும்போது ஸ்ம்ருதி எடிசனில் உங்கள் வீட்டில்தான் இருப்பாள். அதனால் பதற ஒன்றும் இல்லை. அவளுக்குக் காய்ச்சல் இல்லை, சளி இல்லை, எங்கேயும் விழுந்து அடிபடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாகப் படிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

'அவர்களுக்கு' என்று போட்டது மின்சார வாரியத்துக்கு மனு எழுதுகிற மாதிரி இருக்கிறது. முதலில் 'அக்கா' என்றுதான் ஆரம்பித்தேன். பத்ரியின் முதல் மனைவியை இரண்டாவது மனைவி அக்கா என்று கூப்பிட்டால் சாயங்கால சீரியல் ஆகிவிடும் என்று அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடவும் வாய் வரவில்லை, நீங்கள் என்னைவிட மூத்தவர். எனக்கும் பத்ரிக்கும் கல்யாணம் ஆன இந்த மூன்று வருஷத்தில் நீங்களும் நானும் நேரில் பார்த்துக்கொண்டது ஒரே ஒரு தடவை, நியூவர்க் ஏர்போர்ட்டில். ஸ்ம்ருதியின் பையை எடுக்க இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தோம். ஒருவருக்கு ஒருவர் விட்டுக்கொடுத்து இருவருமே கையை எடுத்துவிட்டோம். பை தொப்பென்று கீழே விழுந்தது. நம் பழக்கம் அவ்வளவுதான்.

உங்களுக்கும் பத்ரிக்கும் நடுவே போகிற மெயில்களைப் பார்த்திருக்கிறேன். தேதி, ஃப்ளைட் நம்பர், கடைசியில் ஒரு 'ரிகார்ட்ஸ்'. நாளைக்கு ஒரு லாயர் படிப்பார் என்று நினைத்து எழுதின வரிகள், இரண்டு பக்கமும். போனில் பேசலாம் என்றால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும், அது பிறவிக் குணம். அதனால்தான் பேப்பரும் பேனாவும். கோபிசெட்டிபாளையத்தில் பிளஸ் டூ தமிழ்ப் பரீட்சை எழுதியதற்குப் பிறகு இவ்வளவு நீளமாக நான் கையால் எழுதுவது இப்போதுதான். ஸ்ம்ருதியின் பெட்டியில் பட்டுப் பாவாடைக்குக் கீழே வைத்து அனுப்புகிறேன். பத்ரிக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அப்பாவும் பெண்ணும் இப்போது கடைக்குப் போயிருக்கிறார்கள்.

போன மாதம் நீங்கள் பத்ரிக்கு எழுதிய மெயிலைப் பற்றித்தான் பேச வேண்டும். கிறிஸ்துமஸ் லீவுக்கு இங்கே வந்துவிட்டுத் திரும்பியவள் இளைத்துப் போயிருந்தாள், ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை, டெக்ஸாஸில் அவள் சாப்பிடுவதே இல்லை என்று தெரிகிறது, ஸ்பிரிங் பிரேக் லீவுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டதால் அனுப்புகிறேன், கோடை விடுமுறைக்கு அனுப்புவதாக இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பத்ரி அதைப் படித்துவிட்டு லேப்டாப்பை மூடிய சத்தத்தில் மாடியில் இருந்த நான் இறங்கி வந்தேன். கோர்ட் ஆர்டரில் சம்மர் எனக்குத்தான், லாயர்கிட்ட பேசிடறேன் என்றார். வருஷத்தில் மகள் அவரோடு இருப்பது லீவு நாட்களில் மட்டும்தான், அதில் பெரிய பங்கு இந்தக் கோடை. ஸ்பிரிங் பிரேக் முடியட்டும், அதுவரைக்கும் பொறுங்க என்று நான் கையைப் பிடித்து நிறுத்தி வைத்தேன். நாளைக்கு ஸ்பிரிங் பிரேக் முடிகிறது. ஜூனில் ஸ்ம்ருதி இங்கே வருவாளா, இல்லை இரண்டு லாயர்கள் உட்கார்ந்து அவளைப் பற்றிப் பேசுவார்களா என்பது இனி உங்கள் கையில் இருக்கிறது. அதற்கு முன்னால் இந்த வாரம் என்ன நடந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீங்கள் எழுதியது உண்மைதான். அவள் இங்கே சாப்பிடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வந்த அன்று அவளுக்காகத் தயிர்சாதம் பிசைந்து, கடுகும் இஞ்சியும் தாளித்து, மேலே மாதுளை முத்துக்களைத் தூவி வைத்தேன். கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று ஒரு பழம் முழுக்க உதிர்த்திருந்தேன். அவள் தட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டாள். "நோ தேங்க் யூ, பிரீத்தி ஆன்ட்டி" என்றாள், ரொம்ப மரியாதையாக. அதற்குப் பிறகு ஊருக்குப் போகும் வரை என் அடுப்பில் வெந்த எதையும் தொடவில்லை. தோசை, பூரி, அவள் அப்பா சிபாரிசு செய்த பருப்பு உசிலி, எதுவும் நடக்கவில்லை. வெளியே கூட்டிக்கொண்டு போனால் பீட்ஸாவை வளைத்துக் கட்டுவாள். சரவணம்மா மெஸ் என்று இங்கே ஒரு கடை இருக்கிறது, அங்கே இட்லி மூன்று தட்டு போகும். வீட்டுக்குள் வந்தால் தன் பையில் கொண்டுவந்த கிரானோலா பார்தான்.

நான் என்ன நினைத்தேன் என்று மறைக்கப்போவதில்லை. அவ கையால ஒரு வாய் சாப்பிடாதே என்று நீங்கள் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். வேறு என்ன நினைக்க முடியும், நீங்களே சொல்லுங்கள். அந்த லீவு முழுக்கப் பாத்திரங்கள் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டன. கோபியில் என் அம்மா வசந்தாமணியிடம் போனில் சொன்னேன். இருக்கும், இருக்கும் என்று அவரும் நெருப்பை ஊதிவிட்டார்.

இந்தத் தடவை வந்து இறங்கியவள், பெட்டியைத் திறந்ததும் முதலில் அந்த மஞ்சள் அங்கியைத்தான் எடுத்தாள். வசந்தம் வருவதைக் கொண்டாட அவள் பள்ளிக்கூடத்தில் கிரேக்கப் புராணக் கதை ஒன்றை நாடகமாகப் போட்டார்கள், அதில் அவள் டிமீட்டர் என்கிற தெய்வம், நீங்கள் தைத்துக் கொடுத்த உடை அது என்றாள். வாங்கிப் பார்த்தேன். தையலைப் பார்த்து அசந்துபோனேன். தோளில் கொசுவம் வைத்து, இடுப்பில் ஜரிகையைக் கச்சையாகத் திருப்பி, கீழே நெற்கதிர் மாதிரி ஒரு வரிசை. ஆபீஸ் வேலைக்கு நடுவில், பனியில் டான்ஸ் கிளாஸுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் அவளைக் கொண்டுவிட்டுக் கூட்டிவருகிற நேரம் போக, இதற்கு எங்கிருந்து நேரம் எடுத்தீர்களோ. பத்ரி அந்த ஜரிகையைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அது உங்கள் நிச்சயதார்த்தப் புடவை என்று பிறகு என்னிடம் சொன்னார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பீரோவில் பூட்டி வைத்துப் பார்த்துப் பார்த்து அழுகிற ஆள் இல்லை நீங்கள், மகளின் நாடகத்துக்குத் துணி வேண்டுமென்றால் கத்திரிக்கோலை எடுக்கிற ஆள். உங்கள் மேல் இருந்த என் கோபம் அப்போதே பாதி இறங்கிவிட்டது.

திங்கட்கிழமை சாயங்காலம் எங்களுக்காக முழு நாடகத்தையும் ஒருத்தியாகவே நடித்தாள். காபி டேபிள் சுவரோரம் போய்விட்டது. பாதாள லோகத்து ராஜா ஹேடிஸாகப் பத்ரி, குக்கர் மூடியைப் பிடித்துக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். காலையில் காபி குடிப்பதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வேஷம் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் பூமியில் உள்ள ஜனங்கள், எல்லாருமே. கடைசிவரைக்கும் பசியோடு உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். டிமீட்டர் என்பவள் பயிர் பச்சைக்கெல்லாம் தெய்வம். அவள் மகள் பெர்செஃபனி பூப்பறித்துக்கொண்டிருக்கும்போது தரை பிளந்து, பாதாள ராஜா அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். அம்மா தேடித் தேடி அலைகிறாள். ஸ்ம்ருதி போனில் லைட்டைப் போட்டுத் தீவட்டி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஹாலுக்கும் படிக்கட்டுக்கும் நடந்து, "பெர்செஃபனி" என்று கூப்பிட்டாள் பாருங்கள், எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒன்பது வயசுக் குழந்தைக்கு அந்தக் குரல் வராது. பத்ரி சட்டென்று திரும்பினார். அது உங்கள் குரல் என்று நினைக்கிறேன்.

மகள் கிடைக்காத துக்கத்தில் டிமீட்டர் பூமியைக் காயப் போட்டுவிடுகிறாள். ஒரு பூ கிடையாது, ஒரு நெல் கிடையாது, எல்லாம் பனி. தேவர்கள் பயந்துபோய் மகளைத் திருப்பிக் கூட்டிவர ஆள் அனுப்புகிறார்கள். ஆனால் கீழே ஒரு சட்டம் இருக்கிறது. அந்த வீட்டில் எதையாவது சாப்பிட்டுவிட்டால் அங்கேயே இருக்க வேண்டும். பெர்செஃபனியோ மாதுளை முத்துக்களைச் சாப்பிட்டுவிட்டாள்.

இந்த இடத்துக்கு வந்ததும் ஸ்ம்ருதி நின்றுவிட்டாள். கண் என் சமையலறைப் பக்கம் போனது, பிறகு என்னிடம் வந்தது. முகம் சிவந்துவிட்டது. மீதிக் கதையை, வருஷத்தில் பாதி நாள் கீழே, பாதி நாள் மேலே, மகள் மேலே வரும்போது அம்மா சந்தோஷப்பட்டு வசந்தத்தைக் கொண்டுவருகிறாள் என்பதை, ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு அங்கியைக் கழற்றப் போய்விட்டாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இலையுதிர் காலத்திலேயே வகுப்பில் இந்தக் கதையை அவள் படித்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு இங்கே வந்த முதல் நாளே, அவள் முன்னால் ஒரு தட்டு நிறைய மாதுளை முத்தோடு நான் வந்து நின்றிருக்கிறேன். சாப்பிட்டால் அம்மாவிடம் திரும்பிப் போக முடியாது என்று குழந்தை பயந்திருக்கிறாள். ஹோட்டல் பாதாள லோகத்தில் சேராது, அதனால் இட்லி மூன்று தட்டு. பத்ரியிடம் சொன்னேன். முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்ப நம்ம வீடுதான் அதுவா" என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை உங்கள் நியூ ஜெர்சியில் மார்ச் கடைசியில் எதிர்பாராமல் பனி கொட்டியது அல்லவா. அன்றைக்குப் போனில் அவளிடம், நீ இல்லாம இங்க ஒரே பனிடா, வீடே வெறிச்னு இருக்கு என்று சொன்னீர்கள். ஸ்பீக்கரில் இருந்ததால் என் காதிலும் விழுந்தது. எந்த அம்மாவும் சொல்வதுதான். போனை வைத்துவிட்டு அவள் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். வெளியே வந்து, என் டிக்கெட்டை நாளைக்கு மாற்ற முடியுமா என்று அப்பாவிடம் கேட்டாள். பத்ரி கராஜுக்குப் போய், முதல் நாள்தான் கழுவிய காரை மறுபடி கழுவினார். நீங்கள்தான் கூப்பிட்டுக்கொள்கிறீர்கள் என்று அவருக்குக் கோபம். மறுபடியும் லாயர் பேச்சு வந்தது. நான் டிக்கெட்டை மாற்ற விடவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க, பூப் பார்க்கக் கூட்டிட்டுப் போவோம் என்றேன்.

இங்கே இந்தச் சமயத்தில் ஃப்ரீவே ஓரமெல்லாம் ப்ளூபானெட் பூத்துவிடும். நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். நீங்கள் இந்த ஊரில் இருந்ததில்லை என்பதால் சொல்கிறேன், டெக்ஸாஸ்காரர்களுக்கு இது ஒரு சடங்கு. குழந்தைகளைக் குளிப்பாட்டி, நல்ல உடை போட்டு, அந்தப் பூவுக்கு நடுவே உட்கார வைத்துப் போட்டோ எடுக்காவிட்டால் வசந்தம் வந்ததாகவே கணக்கில்லை. நம் ஆட்களும் கற்றுக்கொண்டுவிட்டார்கள், பட்டுப் பாவாடை, நெற்றிச்சுட்டி சகிதம் வந்து இறங்குவார்கள். எனிஸ் என்று டாலஸுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர், அங்கே நிறையப் பூக்கும். நேற்று பத்ரி லீவு போட்டார், புறப்பட்டோம்.

காரில் நான் பின் சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவள் இங்கிலீஷில்தான் பேசுவாள், நான் தமிழில் எழுதுகிறேன். நீ இங்கே வந்ததால்தான் அங்கே பனி பெய்கிறதா கண்ணு என்று கேட்டேன். அது வெறும் கதை, எனக்குத் தெரியாதா என்றாள். நானும் விடவில்லை. கோடையில் நீ இங்கே இருக்கும்போது நியூ ஜெர்சியில் பனியே இல்லையே என்றேன். ஆகஸ்டில் எங்க லான் எல்லாம் காய்ஞ்சு பிரவுன் ஆகுது, அம்மா போட்டோ அனுப்பினாங்களே என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள். நீங்கள் ஒவ்வொரு அக்டோபரிலும் அவளைக் கூட வைத்துக்கொண்டு வாசலில் டாஃபடில் கிழங்குகளை நடுகிறீர்களாம். நீ டெக்ஸாஸ் போய்ட்டு வர்றப்ப இது பூத்திருக்கும் என்று சொல்வீர்களாம். அப்படியே ஒவ்வொரு வருஷமும் பூத்திருக்குமாம். நான் திரும்பிப் போகாவிட்டால் அது பூக்காது, அம்மா ஏர்போர்ட்டில் சிரிக்கிற மாதிரி வேறு எப்போதும் சிரிப்பதில்லை என்றாள்.

குழந்தைக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுக்க இதைவிட அழகாக யாரும் யோசித்திருக்க முடியாது. பிரிவைக்கூட ஒரு தோட்ட வேலையாக மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். நானாக இருந்தால் ஒரு காலண்டரை வாங்கி மாட்டியிருப்பேன். அவள் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டது உங்கள் தவறு இல்லை, என் மாதுளையின் தவறும் இல்லை. அவ்வளவு நல்ல மூளை, எதையும் இன்னொன்றோடு முடிச்சுப் போட்டுவிடுகிறது.

எனிஸில் இறங்கினோம். ஜீன்ஸுக்கு மேலே மஞ்சள் அங்கியைப் போட்டுக்கொண்டாள். நாலா பக்கமும் நீலம், நடுவில் உங்கள் மஞ்சள். பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பம், ஸ்மைல் பண்ணுடா, ஒரே ஒரு ஸ்மைல் என்று ஒரு கைக்குழந்தையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தது. கௌபாய் பூட்ஸ் போட்ட ஒரு கிழவர் ஸ்ம்ருதியைப் பார்த்துத் தொப்பியை எடுத்து வணக்கம் சொன்னார். ஏதோ ராணி என்று நினைத்திருப்பார். அவள் யாரையும் கவனிக்கவில்லை. பூவுக்கு நடுவே போய் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு எங்களிடம் வந்து, இது பாதாள லோகம் என்றால் இங்கே எப்படி வசந்தம் முதலில் வந்தது என்று கேட்டாள்.

பத்ரி இன்ஜினியர் அல்லவா, டாலஸ் பூமத்திய ரேகைக்குக் கிட்டத்தில் இருப்பதால் என்று ஆரம்பித்தார். நான் கிள்ளினேன். அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு செடியின் அடியில் விரலால் கிளறிப் பார்த்தாள். வேர் தெரிந்தது, நகமெல்லாம் மண். எல்லாம் கீழே இருந்துதான் மேலே வருகிறது என்று தனக்குத்தானே சொன்னாள். அப்புறம் எழுந்து வந்து, எங்களுக்குப் பாடம் எடுக்கிற மாதிரி சொன்னாள். வசந்தம் கீழேதான் ஆரம்பிக்கிறது. பெர்செஃபனி போவது அதை எடுத்துவரத்தான். அவள் எடுத்துக்கொண்டு மேலே வந்தால்தான் அம்மாவுக்குக் கிடைக்கும். டீச்சர் இதைச் சொல்ல மறந்துவிட்டார். நான் இங்கிருந்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனால் நியூ ஜெர்சியில் திங்கட்கிழமை வந்துவிடும்.

ராஜலக்ஷ்மி, நான் பொய் சொல்லவில்லை, எத்தனையோ காலமாக உலகம் சொல்லிக்கொண்டிருக்கிற கதையை ஒன்பது வயசுப் பெண் அங்கியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே திருத்திவிட்டாள். தன்னால்தான் அம்மா ஊரில் பனி கொட்டுகிறது என்று குமைந்துகொண்டிருந்தவள், அம்மாவுக்குப் பூ எடுத்துப்போக வந்தவளாகத் தன்னை மாற்றிக்கொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பத்ரி பக்கத்து மூளை இது கிடையாது, அவர் இன்னும் பூமத்திய ரேகையிலேயே இருக்கிறார். உங்களுடையது. எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்பட எனக்கு என்ன பாத்தியதை என்று தெரியாது, ஆனால் இருந்தது.

பிறகு மரத்தடியில் பாய் விரித்தோம். அவளுக்கென்று கடையில் ஒரு சாண்ட்விச் வாங்கி வைத்திருந்தேன். எனக்கும் பத்ரிக்கும் தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும். அவள் டப்பாவைப் பார்த்து, இது வீட்டில் செய்ததா என்று கேட்டாள். ஆமாம் கண்ணு, மாதுளை போடவில்லை, பயப்படாதே என்றேன். ஸ்பூனை எடுத்துக்கொண்டாள். சாப்பிடாவிட்டால் அடுத்த தடவை எப்படி உள்ளே விடுவார்கள், சாப்பிட்டவர்கள்தான் திரும்பி வர முடியும், அதுதானே ரூல் என்றாள். பாதி டப்பா காலியான பிறகு நிமிர்ந்து, ஏன் மாதுளை போடலை என்று குறையாகக் கேட்டாள். நான் திரும்பிக்கொண்டு ஊறுகாய் ஸ்பூனைத் தேடினேன். ரொம்ப நேரம் கிடைக்கவில்லை.

நேற்று இரவு அடை சாப்பிட்டாள். இன்றைக்குக் காலையில் பூரி, நான் போதும் என்று நிறுத்த வேண்டியிருந்தது. வயிறு கொஞ்சம் கனமாக வந்து இறங்குவாள், ரசம் வைத்துக் கொடுங்கள். இப்போது கடைக்குப் போயிருப்பது எதற்கென்றால், ப்ளூபானெட் விதைப் பாக்கெட் வாங்கி உங்களுக்குக் கொண்டுவரத்தான். உங்கள் குளிரில் அது முளைக்குமா என்று எனக்குச் சந்தேகம். அவளே உங்கள் கையில் கொடுப்பாள், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

இனி நான் கேட்க நினைத்தவை. அதிகப்பிரசங்கம் என்று நினைத்தால் இந்த இடத்திலேயே திட்டிவிட்டு மேலே படியுங்கள்.

அவள் இங்கே இருக்கும்போது போனில் நீங்கள் தனியாக இருப்பதைப் பற்றிச் சொல்லாதீர்கள். உங்களுக்குத் தனிமை இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கும், அது எவ்வளவு இருக்கும் என்று நான் யோசித்துப் பார்க்காத நாள் இல்லை. அதை அவளிடம் சொன்னால் அவள் பனியாக்கித் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். சினிமாவுக்குப் போனேன், பக்கத்து வீட்டில் பிரியாணி கொடுத்தார்கள், நன்றாகத் தூங்கினேன் என்று ஏதாவது சொல்லுங்கள். உண்மையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சொல்ல வேண்டும் போலிருந்தால் என் நம்பர் உங்களிடம் இருக்கிறது. குரலை உயர்த்தாமல் கேட்கிறேன்.

பத்ரி லாயரைக் கூப்பிடவில்லை. இனிமேல் கூப்பிடவும் மாட்டார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதனால் இதை ஒரு பேரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் அனுப்ப மாட்டேன் என்றாலும் இந்தப் பக்கத்திலிருந்து பேப்பர் எதுவும் வராது. அவளை வளர்ப்பது நீங்கள். அவள் இப்படி இருப்பதற்குக் காரணமும் நீங்கள். உங்களுக்குத் தெரியாதது எங்களுக்கு என்ன தெரியும்.

கடைசியாக ஒன்று. அந்தக் கதையை இந்த வாரம் லைப்ரரியிலிருந்து எடுத்துவந்து படித்தேன். மகள் கீழே இருக்கிற மாதங்களில் அம்மா பட்ட பாடு பக்கம் பக்கமாக இருக்கிறது. படிக்கப் படிக்க உங்கள் ஞாபகம்தான். மகள் மேலே போன பிறகு கீழே அந்த வீடு எப்படி இருந்தது என்று தேடிப் பார்த்தேன், ஒரு வரிகூட இல்லை. யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. நாளைக்கு அவளை ஃப்ளைட் ஏற்றிவிட்டு வருவோம். பத்ரி அவள் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கீழே போய் டிவியைப் போட்டுக்கொள்வார். நான் போய் அந்தக் கதவைத் திறந்து வைப்பேன். அவர் மறுபடியும் சாத்துவார். நான் மறுபடியும் திறப்பேன்.

நீங்களும் அவளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். ஜூனில் அவளை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளை வருஷத்தில் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்கிற
பிரீத்தி